கனகாம்பரம்: இரண்டாண்டுப் பூந்தோட்டம்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் அமைந்திருப்பது ஆனைக்குட்டம். வைப்பாற்றோடு சேரும் அர்ஜுனா நதியின் குறுக்கே இங்கு ஒரு நீர்த்தேக்கம் கட்டப்பட்டிருக்கிறது. நதியில் நீர் வரும் காலத்தில் சுற்றுக் கிணறுகளில் ஊற்று ஏறும்; வராத காலத்தில் கிணற்றின் அடிப்பாறை தெரியும். இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதற்குமாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகையால் இவ்வட்டாரத்துக் குடியானவர் எந்தப் பயிரைப் பற்றிக் கேட்டாலும் முதலில் கேட்பது, "அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?" என்பதுதான். அது நியாயமான கேள்வியே.

இவ்வூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கு நிலம் மட்டுமே ஜீவனம் அன்று. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு வீட்டில் ஒருவரோ இருவரோ சென்று வருகின்றனர். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை மிகுந்திருக்கும். தீபாவளி முடிந்தபின் சில வாரங்களுக்குப் பட்டாசுச் சாலைகளில் வேலை குறைந்துவிடும். இத்தகைய குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் பூந்தோட்டம் போடுமாறு யோசனை சொல்வதில் பயனில்லை. கிணற்றடியிலோ, வீட்டுக் கொல்லையிலோ ஐந்து சென்ட் நிலத்தில், வீட்டார் கையாலேயே பறிக்கக்கூடிய ஒரு பூவைத்தான் சொல்ல வேண்டும். அதற்குத் தகுந்தது கனகாம்பரம். இதற்கு மணமில்லை, ஆனால் பறித்தபின் மல்லிகையைப் போல விரைவில் வாடுவதில்லை. இன்று பறித்துத் தொடுத்ததை நாளையும் விற்கலாம். சந்தைக்கு வெகு தூரத்திலுள்ள கிராமத்திற்கு இது பெரிய அனுகூலம்.

இவ்வளவு இருந்தும், கனகாம்பரம் போட்டுக் கைவிட்டவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆறேழு மாதம் நன்றாகப் பூத்தது; பிறகு ஒவ்வொன்றாய்ப் பட்டுவிட்டது." இது விதியும் அன்று, கண்ணேறும் அன்று. இதன் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் நாற்று விட்ட நாளிலேயே அது தோட்டத்திற்குள் வந்துவிட்டிருக்கும். அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வோம்.

இரண்டாண்டுப் பயிர் என்பது யாது?

தாவர நூலார் ஈராண்டுச் செடி என்று ஒரு வகையைக் குறிப்பர். முதலாண்டில் இலையும் வேரும் வளர்த்து, நடுவே ஒரு குளிர்காலத்தைக் கடந்து, இரண்டாமாண்டில் பூத்து, விதை கொடுத்து மடிவது அதன் இயல்பு. குளிர் நாடுகளின் தோட்டங்களில் இத்தகைய அழகுப் பூக்கள் பல உண்டு. நாம் உண்ணும் முட்டைக்கோசும், குளிர்தேச வகைக் காரட்டும் இந்த இனமே. அவற்றிற்கு வேண்டிய குளிர் சமவெளியில் கிடையாது. ஆதலால் நமது காட்டில் அவை இலையும் கிழங்கும் தருமேயன்றி, விதைக்கு மலைப்பிரதேசத்தையே நாட வேண்டியிருக்கிறது. அத்தகைய பூக்களை ஆனைக்குட்டத்து வெயிலில் வளர்க்க முயல்வது வீண்.

கனகாம்பரம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இது பல ஆண்டு வாழக்கூடிய சிறு புதர்ச்செடி. இந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம். ஆனால் தோட்டக் கணக்கில் இதை இரண்டாண்டுப் பயிராகவே கொள்ள வேண்டும். நாற்று, எரு, பாத்தி வேலை ஆகிய செலவுகள் முதலாண்டில் முன்னதாகவே வந்துவிடுகின்றன. செடி நன்கு கிளைத்துப் புதராகி நிற்பது அதற்குப் பிறகே. மூன்றாமாண்டில் செடி முதிர்ந்து தளர்ந்துவிடும். எனவே ஒன்பதாம் மாதத்தில் செடி பட்டுப்போனால் நஷ்டம் அந்த மாதத்துப் பூ மட்டுமன்று. செலவு முழுவதும் செய்தாகிவிட்டது. வரவு வரவேண்டிய காலம் போய்விட்டது.

ஆங்கிலத்தில் இச்செடிக்குப் பட்டாசுப் பூ என்று பொருள்படும் ஒரு பெயர் வழங்குகிறது. சிவகாசிப் பக்கத்தாருக்கு இது வேடிக்கையாக இருக்கும். காரணம் இதன் காய். முற்றிக் காய்ந்த காயின்மேல் நீர் பட்டால் அது படீரென வெடித்து விதைகளைத் தூர வீசும். மருந்து நனைந்தால் பட்டாசு வெடியாது. இதுவோ நனைந்தால்தான் வெடிக்கிறது! விதை சேகரிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மழைக்கு முன்னரே, காய்கள் பழுப்பு நிறமடைந்து காய்ந்திருக்கும்போதே, கதிரோடு கொய்து நிழலில் வைக்க வேண்டும். ஒரு சாரல் விழுந்துவிட்டால் விதை பாத்தியெங்கும் சிதறிவிடும்.

இரகங்கள்

நாட்டு வகைகள் விதையால் பெருகுபவை. ஆரஞ்சு நிறம் பெரும்பான்மை; மஞ்சளும் சிவப்பும் உண்டு. டெல்லி கனகாம்பரம் என்பது வேறு. அதன் பூ பெரிது, விளைச்சலும் அதிகம், ஆனால் விதை பிடிப்பதில்லை. அதைக் குச்சி வெட்டி வேர்விடச் செய்தே பெருக்க வேண்டும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா முதலிய இரகங்களை வெளியிட்டிருக்கிறது. நாட்டு வகையில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 கிலோ, டெல்லி வகையில் 2,800 கிலோ என்பது பொதுவான கணக்கு. ஐந்து சென்ட்டுக்கு இது முறையே சுமார் 40 கிலோவும் 56 கிலோவும் ஆகும். முதன்முதலாகப் பயிரிடுவோர் தம் ஊர்ச் சந்தையில் எந்த நிறம் விலைபோகிறது என்பதை விசாரித்துக்கொண்டு இரகத்தைத் தீர்மானிப்பது நல்லது.

நிலமும் நாற்றும்

கனகாம்பரத்திற்கு வடிகாலுள்ள செம்மண் கலந்த வண்டல் மிக ஏற்றது. கார அமிலத் தன்மை 6 முதல் 7.5 வரை இருக்கலாம். நமது வட்டாரத்தில் கரிசல் அதிகம். கரிசலில் இது வளரவே வளராது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஐப்பசி மழையில் கரிசல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். வேரடியில் இரண்டு நாள் நீர் நின்றால் போதும், அழுகல் தொடங்கிவிடும். எனவே கரிசல் உள்ளவர்கள் பார்களை நன்கு உயர்த்தி, நீர் வெளியேற ஒரு வாய்க்காலும் விட வேண்டும். அரைநிழலை இச்செடி தாங்கும். இளந் தென்னை, முருங்கை, அகத்தி ஆகியவற்றின் அருகே உள்ள இடம் வீணாகக் கிடந்தால் அதைப் பயன்படுத்தலாம். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த நிழல் நன்மையே செய்யும்.

முன்பு என்ன பயிர் இருந்த நிலம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றின் வேரில் முடிச்சு முடிச்சாகக் கண்டிருந்தால், அந்த இடத்தில் நூற்புழு இருக்கிறது என்று பொருள். அங்கே கனகாம்பரம் வைக்கக் கூடாது. பழைய கனகாம்பரத் தோட்டம் இருந்த இடத்திலேயே மீண்டும் வைப்பது அதைவிடத் தவறு.

நாற்றங்காலே முக்கியமான கட்டம். ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேட்டுப் பாத்தி அமைத்து, நீர் விட்டு ஈரமாக்கி, அதன்மேல் நிறமற்ற பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, விளிம்புகளை மண்ணால் மூடிவிட வேண்டும். சித்திரை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் இவ்வாறு விட்டுவைத்தால் உள்ளே வெப்பம் ஏறி, மேல்மண்ணிலுள்ள நூற்புழுவும் பூஞ்சாணமும் களை விதையும் பெரும்பாலும் அழியும். மற்ற விஷயங்களில் நமக்குத் தொல்லையாயிருக்கும் அந்த வெயில் இதில் கூலி வாங்காத வேலையாள். விரிப்பை எடுத்தபின் மண்ணை ஆழமாகக் கிளறாமல் விதைக்க வேண்டும். ஐந்து சென்ட் நடவுக்கு 100 கிராம் விதை போதும். பழைய விதை சரிவர முளைக்காது. புது விதையையே நாட வேண்டும்.

நாற்றை வெளியில் விலைக்கு வாங்குவோர் ஒரு காரியம் செய்ய வேண்டும். விலை பேசுமுன் இரண்டு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வேர் வெண்மையாக இருந்தால் நல்லது. பழுப்புக் கீற்றுகளோ முடிச்சுகளோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. டெல்லி வகைக்கு, தரைக்கு மேலுள்ள கிளையிலிருந்து வெட்டிய குச்சியைச் சுத்தமான மணலில் நாமே வேர்விடச் செய்வது பத்திரமான முறை. மண் உருண்டையோடு வரும் செடியில், அந்த மண்ணில் இருப்பதெல்லாம் சேர்ந்தே வரும்.

நடவு

வைகாசியில் விதை விட்டால் அறுபது நாளில் நாற்று தயாராகும். ஆடியிலும் ஆவணியிலும் நட்டுவிட்டால் மழைக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும். நிலத்தை நன்றாக உழுது, ஐந்து சென்ட்டுக்கு 500 கிலோ மக்கிய தொழுவுரமும் 20 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இட வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தை 50 கிராம் எடுத்துத் தொழுவுரத்தில் கலந்து, சில நாள் நிழலில் ஈரத்தோடு வைத்திருந்து இட்டால் அதிகப் பயன் தரும். பாருக்குப் பார் 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி விட வேண்டும். இக்கணக்கில் ஐந்து சென்ட்டில் சுமார் 1,100 செடிகள் நிற்கும். டெல்லி வகைக்குச் செடிக்குச் செடி 40 சென்டிமீட்டர் வேண்டும். இடம் வீணாகிறதே என்று நெருக்கி நடுவது நம்மவர் வழக்கம். இரண்டாமாண்டில் உள்ளே நுழைந்து பூப்பறிக்க இயலாமல் கிளைகளை ஒடித்துக்கொண்டு திண்டாடும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும்.

நீரும் உரமும்

நட்டவுடன் ஒரு நீர், பிறகு உயிர்த்தண்ணீர், அதன்பின் வாரம் ஒரு முறை என்பது பொது விதி. ஐந்து சென்ட்டில் 3 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 6,000 லிட்டர் ஆகும். மழை வாரங்கள் நீங்கலாக ஆண்டிற்கு நாற்பது தடவை என்று கொண்டால் 2,40,000 லிட்டர். கிணற்றில் கோடையிலும் இதற்கு நீர் உண்டா என்பதை நடுவதற்கு முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் ஐந்து சென்ட்டை மூன்றாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சொட்டுநீர் அமைத்தால் செலவாகும் நீர் வெகுவாகக் குறையும். பார்களுக்கிடையே வைக்கோலோ கடலைத் தோலோ பரப்பி மூடினாலும் ஈரம் நிற்கும்.

நட்ட மூன்றாம் மாதத்தில் ஒரு முறை உரமிட்டு, பின்னர் ஆறு மாதத்திற்கு ஒரு முறையாக இரண்டாண்டுகள் இட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 33 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 60 கிலோ சாம்பல்சத்து என்பது சிபாரிசு. ஐந்து சென்ட்டுக்கு இது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ யூரியா, ஏழரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட், இரண்டு கிலோ பொட்டாஷ். மண்ணைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் அதன்படி கூட்டியோ குறைத்தோ இடலாம். முதலாண்டில் உரமிட்டுவிட்டு இரண்டாமாண்டில், "அதுதான் பூக்கிறதே" என்று விட்டுவிடுபவர்களே அதிகம். பூக்கிற செடிக்குத்தான் பசி.

இலை மஞ்சளானால்

இலை மஞ்சளாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் கடைக்கு ஓடி ஏதோ ஒரு மருந்தை வாங்கி வந்து தெளிப்பதால் பணமும் போகிறது, செடியும் போகிறது.

நுனியிலுள்ள இளந்தளிர்கள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சாதாரணம். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும். இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

மற்றது அஞ்ச வேண்டியது. செடி வளர்ச்சி குன்றும், இலை சிறுத்து, விளிம்பில் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் ஏறும், கதிர் குட்டையாகும், பிறகு ஒரு வாரம் பத்து நாளில் செடி முழுவதும் வாடிச் சாயும். பிடுங்கிப் பார்த்தால் வேரின் பட்டை அழுகிக் கழன்று வரும். வேரைத் துளைத்து வாழும் நூற்புழு முதலில் காயப்படுத்துகிறது. அக்காயத்தின் வழியே பியுசேரியம் என்னும் வாடல் பூஞ்சாணம் உட்புகுகிறது. திருடன் வருவதற்கு முன்னரே ஒருவன் சுவரில் கன்னம் வைத்துவிட்டதைப் போன்றது இது. "ஒவ்வொன்றாய்ப் பட்டுவிட்டது" என்று சொல்லப்படும் தோட்டங்களில் பெரும்பாலும் நடந்தது இதுவே.

வாடிய செடியைப் பிழைக்கவைக்க வழியில்லை. அதை வேரோடும் வேரடி மண்ணோடும் எடுத்து, தோட்டத்திற்கு வெளியே ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. போட்டால் அடுத்த ஆண்டு எருவோடு நோய் திரும்பி வரும். எரித்துவிடுமாறு பல நூல்களில் எழுதியிருப்பார்கள். பட்டாசுச் சாலைகளும் மருந்துக் கிட்டங்கிகளும் உள்ள நம் வட்டாரத்தில் திறந்த வெளியில் தீ மூட்டுவது ஆகாது, குழியே போதும். நோய் கண்ட இடத்திலிருந்து மற்றச் செடிகளுக்கு நீர் ஓடாதபடி வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறக்கக் கூடாது. நூற்புழுவிற்கு வீரியமான குருணை மருந்துகள் உண்டு. ஆனால் வீட்டையும் குடிநீர்க் கிணற்றையும் ஒட்டிய சிறு தோட்டத்தில், தோட்டக்கலை அலுவலரைக் கேளாமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

பார்களின் ஓரத்தில், நமது பக்கத்தில் கேந்தி என்று வழங்கும் செண்டுமல்லியை ஒரு வரிசை நட்டால் மண்ணிலுள்ள நூற்புழு மட்டுப்படும். அதன் பூவுக்கும் விலை உண்டு.

பறிப்பு

நட்டு மூன்று மாதமளவில் கதிர்கள் தோன்றத் தொடங்கும். கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பூக்கள் விரியும். முழுதும் விரிந்த பூக்களை இரண்டு நாளைக்கு ஒரு முறை, விடியற்காலையில் பறிக்க வேண்டும். ஒரு கிலோவிற்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் நிற்கும் என்பதை அறிந்தால், இப்பயிரின் உண்மையான செலவு எதுவென விளங்கும். ஐந்து சென்ட்டில் ஆண்டிற்கு 40 கிலோ என்றால் நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட பூக்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தாக வேண்டும். ஒரு பறிப்பிற்கு இரண்டாயிரத்துக்குக் குறையாது. கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் மிச்சம் சொற்பமே. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் வீட்டில் இருவர் பறிக்கக்கூடிய அளவே சரியான அளவு. நாம் ஐந்து சென்ட் என்று சொன்னதும் இதனாலேயே. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எல்லோரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பறிப்பது யார் என்பதை முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வேலையைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் தலையில் கட்டுவது முறையன்று.

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முகூர்த்த நாட்களை ஒட்டி விலை ஏறுவதும், மார்கழி போன்ற மாதங்களில் கல்யாணத் தேவை இல்லாமற்போவதும் தெரிந்த விஷயமே. ஒரு வீட்டிலிருந்து கால் கிலோப் பூவை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போக முடியாது. பத்து வீட்டுப் பூவை ஒன்று சேர்த்தால் ஒருவர் போய்வரலாம். அல்லது வாழைநாரில் தொடுத்து முழக் கணக்கில் உள்ளூரிலும், திருத்தங்கல், சிவகாசி கடைகளிலும் கொடுக்கலாம். தொடுத்த பூவுக்குத் தொடுத்த கூலியும் வீட்டிலேயே நிற்கிறது.

இரண்டாம் ஆண்டு

மழை ஓய்ந்த தை மாதத்தில் தோட்டத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பூத்து ஓய்ந்த கதிர்களைக் கிள்ளிவிட வேண்டும். அவற்றை விட்டுவைத்தால் செடியின் சக்தி காய்க்குப் போய்விடும். விதைக்கு வேண்டுமானால், நோயே காணாத பத்துப் பன்னிரண்டு செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றில் மட்டும் காய் முற்ற விடலாம். நீண்டு சாய்ந்த கிளைகளை இலேசாகக் கழித்து, களை எடுத்து, பாரை அணைத்து, உரமிட்டு நீர் பாய்ச்சினால் கோடைக்கு முன் புதுத் துளிர் கிளம்பும்.

இரண்டாண்டு முடிந்தபின் செடி இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கும். பிடுங்க மனம் வராது. ஆனால் கதிர் குறுகி, பூ சிறுத்து, பறிக்கும் நேரத்திற்குக் கூலி கட்டாத நிலை வந்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. முதிர்ந்த செடி நூற்புழுவின் பண்ணையாகவும் ஆகிவிடும். அதை அகற்றி, கோடையில் ஆழக் கொத்திக் காயவிட்டு, அங்கே ஒரு பட்டம் கேந்தி போட்டு, அதன்பின் வேறு பயிருக்கு மாற வேண்டும். அடுத்த கனகாம்பரத்திற்கு வேறு மூலையில் இடம் ஒதுக்கி, பழைய தோட்டத்தின் இரண்டாம் வைகாசியிலேயே நாற்று விட்டுவிட்டால் பூ வரவு அறுபடாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

தோட்டம் ஒவ்வொருவர் சொந்தமாயினும் நாற்று ஊருக்குப் பொதுவான விஷயம். ஒரு வீட்டார் கொண்டுவரும் நோயுற்ற நாற்று, வாய்க்கால் நீரோடு அடுத்த வீட்டுக்கும் போகிறது. எனவே ஒரு மகளிர் சுய உதவிக் குழுவிடம் மூன்று நான்கு சென்ட் இடத்தை ஒப்படைத்து, சித்திரையில் பாத்தி மூடி வெயிலில் பதப்படுத்தி, ஊருக்கு வேண்டிய நாற்று முழுவதையும் அங்கேயே வளர்க்கச் செய்வது அதிகச் செலவில்லாத காரியம். பாலித்தீன் விரிப்பை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாம். மண் மாதிரிகளை ஒன்றாகச் சேகரித்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இம்மாவட்டத்தில் அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகமுள்ள வேரை ஈர மண்ணோடு பையிலிட்டு எடுத்துச் சென்று, அங்குள்ளவர்களிடம் காட்டி யோசனை கேட்கலாம். நாற்று வாங்கியவர் பெயர், நட்ட தேதி, செடி பட்ட தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தால், ஊரில் எந்தப் பக்கத்து மண்ணில் நூற்புழு இருக்கிறது என்பது இரண்டாண்டில் தெரிந்துவிடும். அடுத்த சித்திரைக்கு எங்கே பாத்தி போடுவது என்பதை அந்த நோட்டைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.